கார் பேட்டரியை நாமே மாற்றுவதற்கு முன்னும் பின்னும்

கார் பேட்டரியை வீட்டில் வைத்து நானே மாற்றப் பழகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. என் காருக்கு மாற்றியதோடு, தம்பியின் காருக்கும் உறவினர் சிலரின் கார்களுக்கும் மாற்றித் தந்திருக்கிறேன். கழற்றி மாட்டும் வேலை சாதாரணமான காரில் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கூலி மிச்சமாகிறது என்பது உண்மையே என்றாலும், இந்த வேலையை நாமே செய்வதில் நான் காணும் பெரிய பயன் வேறு. பழைய பேட்டரி ஏன் போனது என்று நிதானமாக ஆராய நமக்கு நேரம் கிடைக்கிறது. வண்டி நின்றுபோன அவசரத்தில் வந்து சேரும் பணியாளர் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிட்டுப் போகிறார். அவரிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் கோளாறு பேட்டரிக்கு வெளியே இருந்தால், புதிய பேட்டரியும் சில மாதங்களில் பழையது போன வழியிலேயே போகும்.

ஆகவே, வண்டி செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் நான் முதலில் எடுப்பது வோல்ட்டையும் மின்னோட்டத்தையும் அளக்கும் மல்டிமீட்டரைத்தான். விலை குறைந்த சாதாரண மீட்டரே இந்த வேலைக்குப் போதும். கார் பேட்டரிக்குள் ஆறு செல்கள் தொடராக இணைந்துள்ளன. முழுமையாகச் சார்ஜ் ஆன நிலையில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். எனவே சில மணி நேரம் ஓய்வில் இருந்த நல்ல பேட்டரியில் 12.6 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ காட்ட வேண்டும். 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கும், 12.2 என்றால் பாதியும் சார்ஜ் இருப்பதாகக் கொள்ளலாம். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் அநேகமாகக் காலி. வண்டியை ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால், பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தட்டுகளின் மேற்பரப்பில் தங்கிய சார்ஜ் காரணமாக உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதால், இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் கதவு திறந்து வெகுநேரம் ஆகாத நிலையில் அளப்பதையே நான் விரும்புகிறேன். நீண்ட நேரம் சார்ஜ் செய்த பின்னும் 10.5 வோல்ட்டைச் சுற்றியே நிற்கும் பேட்டரியில் ஒரு செல் செத்துவிட்டது என்று அறியலாம். அதை வைத்துக்கொண்டு போராடுவதில் பயனில்லை.

ஓய்வில் காட்டும் அளவு பாதிக் கதையைத்தான் சொல்லும். 12.6 காட்டும் பேட்டரியும் ஸ்டார்ட்டர் சுழலத் தொடங்கியதும் சரிந்துவிடலாம். அதனால் மீட்டரின் முனைகளைப் பேட்டரியின் மேல் பிடித்துக்கொண்டு, வேறொருவரை வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். சுழலும் அந்தச் சில நொடிகளில் அளவு 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி பலவீனமானது என்று பொருள். அதுவும் சார்ஜ் நிறைந்திருக்கும்போது இப்படிச் சரிந்தால் அதற்கு வயதாகிவிட்டது. என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.7 வோல்ட் வரை இருக்க வேண்டும். என்ஜின் ஓடியும் 12.5-ஐத் தாண்டாமலே நின்றால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோ பார்க்க வேண்டும். அண்மைக்காலக் கார்கள் சிலவற்றில் எரிபொருளைச் சேமிக்க ஆல்டர்னேட்டரின் வேலையைக் கணினியே கூட்டிக் குறைக்கும் என்பதால், அவற்றில் ஒரே ஒரு முறை அளந்து முடிவு கட்டிவிடக் கூடாது. முகப்பு விளக்குகளைப் போட்டுச் சற்று நேரம் கவனிக்க வேண்டும்.

நான் மிகவும் மதிக்கும் இன்னொரு சோதனை உண்டு. இதைச் செய்பவர்கள் குறைவு. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மேல் துருத்தி நிற்கும் ஈயத் தூணிலும், மற்றொரு முனையை அதே தூணைப் பற்றியிருக்கும் கேபிள் முனைக் கிளாம்பிலும் வைத்து, வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று நன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தால் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அங்கே அரை வோல்ட் காட்டினால், ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டிய ஆற்றல் அந்த இணைப்பிலேயே வெப்பமாகி வீணாகிறது. உறவினர் ஒருவரின் காரில் பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்கவும் ஆயத்தமாகிவிட்டார்கள். பானெட்டைத் திறந்தால் நெகட்டிவ் கிளாம்பைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. கிளாம்பைக் கழற்றி, உட்புறம் ஈயம் பளிச்சிடும் வரை தேய்த்து மாட்டியதும் வண்டி முதல் சுற்றிலேயே ஓடியது. அந்தப் பேட்டரி அதற்குப் பிறகும் நெடுங்காலம் உழைத்தது.

தம்பியின் காரில் நடந்தது இதற்கு நேர்மாறானது. புதிய பேட்டரி போட்டும் வண்டி நான்கைந்து நாள் நின்றால் செல்ஃப் எடுக்கவில்லை. ஓய்வு நிலை அளவு குறைவாக இருந்தது. சார்ஜ் செய்து வைத்தால் மீண்டும் குறைந்தது. பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்தபோது அளவு இறங்கவே இல்லை. ஆகவே, வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று அதைக் குடிக்கிறது என்று தெரிந்தது. இதைக் கண்டறிய, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரியின் நெகட்டிவ் தூணுக்கும் இடையே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணைத்துத் தொடராக வைக்க வேண்டும். அந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யவோ விளக்குகளைப் போடவோ கூடாது. மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். கணினிப் பகுதிகள் உறக்க நிலைக்குச் செல்ல அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம் என்பதால் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு 50 மில்லிஆம்பியருக்குள் காட்டினால் பொதுவாகக் கவலையில்லை. தம்பியின் காரில் கால் ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. கால் ஆம்பியர் என்பது கேட்பதற்குச் சிறிதாக இருந்தாலும், நாளொன்றுக்கு 6 ஆம்பியர்-மணி (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) என்று ஆகிறது. 45 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் பாதி நான்கு நாளுக்குள் தீர்ந்துவிடும். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததில், பின்னாளில் பொருத்திய கேமரா ஒன்று, இக்னிஷனை அணைத்தாலும் மின்சாரம் வரும் ஃப்யூஸிலிருந்து இணைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அதை இக்னிஷனோடு அணையும் இணைப்புக்கு மாற்றியதும் தொல்லை தீர்ந்தது. அதற்குள் அந்தப் புதிய பேட்டரியின் ஆயுள் கணிசமாகக் குறைந்துவிட்டது என்பதுதான் வருத்தம். ஸ்டார்ட் செய்வதற்கான பேட்டரியின் தட்டுகள் மெல்லியவை. சில நொடிகளுக்கு மிகுதியான மின்னோட்டம் தருவதற்காக அமைந்தவை. அடிவரை காலியாவதை அவை தாங்குவதில்லை. காலியான நிலையில் நாள்கணக்கில் கிடந்தால் தட்டுகளின் மேல் படியும் ஈய சல்ஃபேட் இறுகிப் படிகமாகி, பிறகு எத்தனை சார்ஜ் செய்தாலும் கரைவதில்லை.

இத்தகைய கோளாறு எதுவும் இல்லாமல், மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைத்த பிறகு பேட்டரி தளர்ந்தால் அது இயல்பான முதுமை. வெப்பம் அந்த முதுமையை விரைவுபடுத்துகிறது. குளிர் அதை வெளிக்காட்டுகிறது. வெயில் காலத்தில் உள்ளே அரிப்பும் நீரிழப்பும் கூடிப் பலவீனமான பேட்டரி, குளிர்ந்த ஒரு காலையில் என்ஜின் எண்ணெய் தடித்துச் சுழற்சி கடினமாகும்போது கைவிடும். குறுகிய தொலைவுகளுக்கு மட்டுமே வண்டியை எடுப்பவர்களுக்கு, ஸ்டார்ட் செய்ததில் செலவான ஆற்றல் திரும்பிச் சேர்வதற்குள் பயணம் முடிந்துவிடுவதால், இந்தத் தளர்ச்சி இன்னும் முன்னதாகவே வரும்.

புதிய பேட்டரி வாங்கச் செல்லும் முன், பழையதை வண்டியில் இருக்கும் நிலையிலேயே மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படமெடுத்துக்கொள்வது என் வழக்கம். நீள அகல உயரம் மட்டும் பொருந்தினால் போதாது. பாசிட்டிவ் தூண் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் பொருந்த வேண்டும். ஒரே அளவிலான பேட்டரி இட வலம் மாறிய இரு வகைகளில் கிடைக்கும். 55பி24எல் போன்ற ஜப்பானிய முறைக் குறியீட்டில் கடைசி எழுத்து அதையே சொல்கிறது. மாறியதை வாங்கிவிட்டால் கேபிள் எட்டாது. இழுத்துப் பிடித்து எட்ட வைப்பது ஆபத்து. தூண்களின் பருமனிலும் வேறுபாடு உண்டு. ஜப்பானிய வகையின் மெல்லிய தூணில் ஐரோப்பிய வகைக்கான கிளாம்பை மாட்டினால் எவ்வளவு முடுக்கினாலும் ஆடிக்கொண்டிருக்கும். பேட்டரியை மேலிருந்து பட்டையால் பிடிப்பதா, அடியிலுள்ள விளிம்பைக் கவ்விப் பிடிப்பதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆம்பியர்-மணி, குளிரில் ஸ்டார்ட் செய்யும் திறனைக் குறிக்கும் சி.சி.ஏ. ஆகிய இரண்டும் கையேட்டில் சொன்னதற்குக் குறையக் கூடாது. சி.சி.ஏ. அளவை ஒப்பிடும்போது எந்தத் தர முறையில் அளந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். முறைக்கு முறை சோதனை வேறுபடுவதால் எண்களை அப்படியே ஒப்பிட முடியாது.

சிக்னலில் தானே அணைந்து மீண்டும் இயங்கும் வசதியுள்ள கார்களில் அதற்கென்றே வலுவாக அமைந்த ஏ.ஜி.எம். அல்லது இ.எஃப்.பி. வகைப் பேட்டரி இருக்கும். அங்கே விலை குறைவு என்பதற்காகச் சாதாரண வகையை வைப்பது வீண் சிக்கனம்; அடிக்கடி நடக்கும் அந்த ஸ்டார்ட்டுகளை அது தாங்காது. கடையில் இன்னொன்றும் வற்புறுத்திக் கேட்க வேண்டும்: தயாரிப்பு மாதம். அலமாரியில் கிடக்கும் பேட்டரியும் மெல்லத் தானாகச் சார்ஜ் இழக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் கிடந்ததை நான் வாங்குவதில்லை; புதியதாக இருந்தாலும் அங்கேயே வோல்ட்டை அளந்து காட்டச் சொல்கிறேன்.

வேலையைத் தொடங்கும் முன், வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கை பிரேக் போட்டு, இக்னிஷனை அணைத்து, ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சாவியை என் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். மின்சாரம் போனதும் கதவு பூட்டிக்கொண்டால் உள்ளே போக வழி வேண்டும். பேட்டரி டிக்கியில் இருக்கும் கார்களில் டிக்கிக் கதவு மூடிவிடாமல் பார்த்துக்கொள்வது இன்னும் முக்கியம். பழைய ரேடியோ சிலவற்றுக்குக் குறியீட்டு எண் தேவைப்படும். அதை முன்பே தேடி எடுத்து வைக்க வேண்டும். மோதிரம், கடிகாரம், வளையல், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். மோதிரத்தின் வழியாக ஷார்ட் ஆனால் அது கண நேரத்தில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கட்டாயம். உள்ளே இருப்பது நீர்த்த கந்தக அமிலம். மேலும் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது தீப்பற்றக்கூடியது. ஆகவே காற்றோட்டமான இடமே வேண்டும், அருகில் யாரும் புகைக்கக் கூடாது. அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது கால் மணி நேரம் கழுவ வேண்டும். கண் என்றால் கழுவிய கையோடு மருத்துவரிடம் போக வேண்டும்.

இப்போது ஸ்பேனர். பெரும்பாலான கிளாம்புகளுக்கு 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்ற வரிசையைப் பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். காரணம் தெரிந்தால் வரிசை மறக்காது. காரின் உலோக உடல் முழுவதும் பேட்டரியின் நெகட்டிவ்வோடு இணைந்து எர்த்தாக இருக்கிறது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் நட்டைக் கழற்றினால், ஸ்பேனரின் மறுமுனை பானெட்டின் ஓரத்தையோ ஃபெண்டரையோ தொட்ட கணமே நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த ஸ்பேனர் வழியே பாயும். நெகட்டிவ்வை முதலில் கழற்றும்போதோ, ஸ்பேனர் உடலைத் தொட்டாலும் இரண்டும் ஏற்கெனவே ஒன்றுதான் என்பதால் ஒன்றும் நேராது. அது கழன்ற பிறகு பாசிட்டிவ் நட்டிலிருக்கும் ஸ்பேனர் உடலைத் தொட்டாலும் சுற்று முழுமை பெறாது. மாட்டும்போது இதே காரணத்தால் வரிசை தலைகீழாகும்: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். கேபிளின் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. பழைய வண்டிகளில் யாராவது மாற்றியிருக்கலாம். பேட்டரியின் மேல் வார்க்கப்பட்ட கூட்டல், கழித்தல் குறிகளைப் பார்க்க வேண்டும். பாசிட்டிவ் தூண் மற்றதைவிடச் சற்றுப் பருமனாகவும் இருக்கும். ஸ்பேனரின் கைப்பிடியில் நான் இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறேன். வரிசை சரியாக இருந்தாலும் இந்தக் காப்பு வீண்போவதில்லை.

கழற்றிய நெகட்டிவ் கேபிள் தானாக வளைந்து மீண்டும் தூணைத் தொடும் இயல்புடையது. உலர்ந்த துணியால் சுற்றி ஓரமாகச் செருகிவிட வேண்டும். அண்மைக்காலக் கார்கள் பலவற்றில் நெகட்டிவ் கிளாம்போடு சிறு உணரி ஒன்று ஒட்டியிருக்கும். கிளாம்பு இறுகியிருந்தால் திருப்புளியால் நெம்பாமல், நட்டை நன்கு தளர்த்தி மெல்ல இடவலமாகத் திருப்பி எடுக்க வேண்டும். நெம்பினால் அந்த உணரி உடையும், ஈயத் தூணும் அதன் அடியிலுள்ள உறையும் விரிசல் விடும்.

கேபிள்களைக் கழற்றும் நேரம் மட்டும் ரேடியோவும் கடிகாரமும் அணையாமலிருக்க வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் சிறு கருவிகள் உண்டு. என் கருத்தில், கையேடு கட்டாயமாகக் கேட்டாலொழிய அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. அந்தக் கருவி இணைந்திருக்கும் வரை பாசிட்டிவ் கிளாம்பில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கிறது. நெகட்டிவ்வை முதலில் கழற்றியதால் கிடைத்த பாதுகாப்பு அதனால் இல்லாமல் போகிறது. கடிகாரத்தைத் திருத்த ஒரு நிமிடம்கூட ஆகாது.

பிடிப்புப் பட்டையையோ பிராக்கெட்டையோ கழற்றிய பிறகு, பேட்டரியை நிமிர்ந்த நிலையிலேயே நேராகத் தூக்க வேண்டும். சாதாரணக் கார்ப் பேட்டரியே 12 முதல் 20 கிலோ வரை எடையுள்ளது. அதைக் குனிந்து, கையை நீட்டித் தூக்குவதால் எடையைவிட அதிகமான பாரம் முதுகில் இறங்கும். முதுகுவலி உள்ளவர்கள் இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் துணை ஒருவரை அழைத்துக்கொள்வதே முறை. பேட்டரி அமர்ந்திருந்த அடித்தட்டு வெறுமையானதும் அங்கே அமிலம் கசிந்த தடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அமிலம் இருக்கும் இடம் நுரைக்கும். நுரை நின்றதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து உலர விட வேண்டும். இந்தக் கரைசல் பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் போகக் கூடாது. கிளாம்புகளின் உட்புறத்தைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதை இப்போது விட்டுவிட்டால் பிறகு செய்ய மாட்டோம்.

புதியதைத் தட்டில் வைப்பதற்கு முன், பழையதன் பக்கத்தில் வைத்துத் தூண்களின் திசையைக் கடைசியாக ஒருமுறை ஒப்பிட வேண்டும். பாசிட்டிவ்வும் நெகட்டிவ்வும் மாறி இணைந்தால் முதன்மை ஃப்யூஸும் ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் ஒரு நொடியில் போகலாம். பிடிப்பை முதலில் முடுக்குகிறேன். கையால் அசைத்தால் பேட்டரி அசையக் கூடாது. ஆடும் பேட்டரியின் தட்டுகள் அதிர்விலேயே உதிரும். பிறகு பாசிட்டிவ் கிளாம்பு, அதன் மூடி, அடுத்து நெகட்டிவ். கிளாம்பு தூணின் அடிவரை இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வாயைச் சற்று விரித்து இறக்கலாமே தவிர, சுத்தியலால் தட்டக் கூடாது. ஈயம் மென்மையான உலோகம் என்பதால் கையால் திருப்ப முடியாத அளவுக்கு முடுக்கினால் போதும். நெகட்டிவ் தொடும்போது சிறு பொறி தெரிவது இயல்பு. முடுக்கிய பிறகு வெளிப்புறத்தில் மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவுகிறேன். பயணிகள் அமரும் பகுதியிலோ டிக்கியிலோ இருக்கும் பேட்டரிகளுக்கு வாயுவை வெளியேற்றும் சிறு குழாய் உண்டு. அதை மீண்டும் செருக மறந்தால் ஹைட்ரஜன் வண்டிக்குள்ளேயே தங்கும். பேட்டரியைச் சுற்றியிருந்த வெப்பத் தடுப்பு உறையையும் தூக்கிப் போடாமல் திரும்ப மாட்ட வேண்டும்.

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் சார்ஜ் வோல்ட்டை மீண்டும் அளக்கிறேன். தானே ஏறும் கண்ணாடிகளை முழுக்க இறக்கி, முழுக்க ஏற்றிச் சில நொடிகள் பொத்தானைப் பிடித்திருந்தால் பெரும்பாலும் பழைய பழக்கம் திரும்பும். ஸ்டியரிங் தொடர்பான எச்சரிக்கை விளக்கு எரிந்தால், ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பிச் சற்றுத் தொலைவு ஓட்டியதும் பல கார்களில் அணைந்துவிடும். ஐட்லிங் முதல் நாளில் சற்றுத் தடுமாறலாம். சில கார்களில், குறிப்பாக ஐரோப்பியத் தயாரிப்புகள் பலவற்றில், புதிய பேட்டரி வந்ததைக் காரின் கணினிக்குக் கருவி வழியாகத் தெரிவிக்க வேண்டும். இல்லையெனில் பழைய பேட்டரிக்குரிய முறையிலேயே சார்ஜ் செய்துகொண்டிருக்கும். அத்தகைய காரும், பேட்டரியை எடுக்கச் சக்கரத்தையோ பம்பரையோ கழற்ற வேண்டிய காரும் இருந்தால் பணிமனையிடம் விடுவதே சரி என்பேன். ஹைப்ரிட், மின்சாரக் கார்களிலும் 12 வோல்ட் பேட்டரி தனியே உண்டு. அதற்குக் கையேடு சொல்லும் வரிசையை மட்டும் பின்பற்ற வேண்டும், ஆரஞ்சு நிறக் கேபிள்களின் பக்கமே கை போகக் கூடாது.

பழைய பேட்டரியை வீட்டு மூலையில் வைத்திருக்கக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. அதன் எடையில் பெரும்பகுதி ஈயம். உருக்கி மீண்டும் புதிய பேட்டரியாக்கக்கூடியது. அதே ஈயம் மண்ணிலும் தண்ணீரிலும் கலந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கூடுதல் விலை தருகிறார் என்பதற்காக, திறந்த வெளியில் உடைத்து அமிலத்தைத் தரையில் கொட்டுபவரிடம் அதைக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. புதியதை வாங்கிய கடையிலேயே பழையதைத் திருப்பிக் கொடுத்தால், முறையான மறுசுழற்சிக்குப் போகும் வாய்ப்பு அதிகம். விலையிலும் ஒரு பகுதி கழியும். கொண்டுபோகும்போது கசியாத பிளாஸ்டிக் தட்டில் நிமிர்த்தி வைத்து, இரு தூண்களையும் டேப்பால் மூடி, சாயாதபடி கட்டிவிட வேண்டும்.